யூரின்ல இருந்து மருந்தை எப்படி பிரிச்சு எடுக்கறாங்க? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வேலைக்கு சேர்றதுக்கு முன்னாடி எடுக்கற யூரின் ட்ரக் டெஸ்ட் பத்தி ஒரு சின்ன கட்டுரை வந்துச்சு இல்லையா, அதுல "ஸ்ட்ரிப்ல பாசிட்டிவ் வந்தா அது முடிவு கிடையாது, சாம்பிள்ல இருந்து மருந்தை தனியா பிரிச்சு எடுத்து உறுதி பண்ணணும்"னு ஒரு வரி இருந்துச்சு. அந்த ஒரு வரியை பிடிச்சுக்கிட்டுதான் இந்த தடவை வந்த கேள்வி பூரா. விஷம், போதை மருந்து சோதிக்கற டாக்ஸிகாலஜி லேப்ல இந்த பிரிச்சு எடுக்கற வேலையையே தினமும் பாக்கறவன்ங்கறதால என்னை பதில் சொல்ல சொன்னாங்க. சிலதுக்கு நீளமா எழுதிட்டேன், அது அப்படித்தான் எழுதணும், பொறுத்துக்கோங்க.

*நாகர்கோவிலில் இருந்து ஒரு அம்மா: என் பையன் கல்ஃப்ல வேலைக்கு போறான், அடுத்த வாரம் மெடிக்கல். பக்கத்து வீட்டு அக்கா "குருமாவுல கசகசா அரைச்சு ஊத்தாத, போதை மருந்துன்னு டெஸ்ட்ல வந்துரும்"ங்கறாங்க. நிஜமா?*

நிஜம்தாம்மா, அந்த அக்கா சொன்னதுல தப்பே இல்ல. கசகசாவும் ஓபியமும் ஒரே செடில இருந்துதான் வருது. விதைக்குள்ள மார்ஃபின் அவ்வளவா கிடையாது, ஆனா காயை கீறினா வர்ற பால் அறுவடை நேரத்துல விதை மேல ஒட்டிக்கும், அதுல மார்ஃபின், கோடீன் ரெண்டுமே இருக்கும். கழுவி வறுத்தா குறையும், முழுசா போகாது. குருமாவுல ஒரு ஸ்பூன் அரைச்சு ஊத்தறதுக்கு யாருக்கும் மயக்கம் வராது, ஆனா யூரின் டெஸ்ட் மயக்கத்தையா பாக்குது, மூலக்கூறைத்தான் பாக்குது.

அமெரிக்காவுல அரசு வேலை டெஸ்ட்டுக்கு ஓபியேட், அதாவது ஓபியம் வகை மருந்து, எவ்வளவு இருந்தா பாசிட்டிவ்ங்கற அளவை முன்னாடி 300 நானோகிராம்னு வச்சிருந்தாங்க, ஒரு மில்லி யூரினுக்கு. கசகசா போட்ட ரொட்டி சாப்பிட்டவங்கெல்லாம் மாட்டிக்கிட்டதால 1998ல அதை 2000க்கு ஏத்தினாங்க. அப்படியும் பிரச்சனை தீரல, 2023 பிப்ரவரில அமெரிக்க ராணுவ தலைமையே வீரர்களை கசகசா சாப்பிடாதீங்கன்னு எச்சரிச்சுது, சில கசகசாவுல கோடீன் எதிர்பாத்ததை விட ஜாஸ்தியா இருந்துச்சுன்னு.

சரி, மார்ஃபின் வந்துருச்சு, அது கசகசாவா ஹெராயினான்னு எப்படி கண்டுபிடிக்கறது? ஸ்ட்ரிப்பால முடியவே முடியாது. லேப்ல பிரிச்சு எடுத்து பாத்தா முடியும், அதுவும் ஓரளவுக்குத்தான். ஹெராயின் உடம்புக்குள்ள போனதும் முதல்ல 6-அசிட்டைல்மார்ஃபின்னு ஒரு பொருளா மாறும், அப்புறம்தான் மார்ஃபின் ஆகும். கசகசாவுல இருந்து அந்த 6-அசிட்டைல் வரவே வராது. அதனால அதை தனியா, 10 நானோகிராம் அளவுலயே தேடுவாங்க. இருந்தா ஹெராயின்னு உறுதி. இல்லைன்னா? அது ஒரு நாளைக்குள்ள யூரின்ல இருந்து போயிடும்ங்கறதால "இல்ல"ங்கறதை மட்டும் வச்சு எதையும் அடிச்சு சொல்ல முடியாது. இன்னொரு பக்கம் தீபேன்னு ஒரு ஆல்கலாய்டு இருக்கு, அது கசகசா சாப்பிட்டவங்க யூரின்ல தெரியும், மார்ஃபின் மாத்திரை போட்டவங்க யூரின்ல தெரியாது. ரெண்டையும் சேர்த்து பாத்தாத்தான் ஒரு தெளிவு கிடைக்கும்.

உங்க பையனுக்கு: டெஸ்ட்டுக்கு முன்னாடி ஒரு வாரம் கசகசா வேண்டாம், பாயசத்துலயும் வேண்டாம். அதை விட முக்கியமா பெட்டில மசாலா சாமானோட கசகசா பொட்டலத்தை வச்சு அனுப்பிடாதீங்க. நம்ம ஊர்ல மளிகைக்கடையில சட்டப்படியே விக்கறாங்க, 1985 போதைப்பொருள் சட்டத்துல பாப்பி செடியோட விதையை விலக்கித்தான் வச்சிருக்காங்க, ஆனா அமீரகத்துலயும் சிங்கப்பூர்லயும் அது தடை பண்ண பொருள். ஏர்போர்ட்ல பிடிச்சா அங்க யூரின் டெஸ்ட்டை விட பெரிய பிரச்சனை.

*ஓசூரில் இருந்து ஒரு வாசகர்: தம்பிக்கு கம்பெனி மெடிக்கல்ல ஸ்ட்ரிப் டெஸ்ட்ல ஓபியேட் பாசிட்டிவ்னு சொல்லி ஆஃபரை நிறுத்தி வச்சுட்டாங்க. அவன் பீடி கூட தொட்டதில்ல. காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எடுத்துட்டு இருந்தான். மருந்து ஸ்ட்ரிப்பை ஏமாத்துமா?*

ஏமாத்தும். எந்த ஆன்டிபயாடிக்னு சீட்டை எடுத்து பாருங்க. லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் மாதிரி குயினோலோன் வகையா இருந்தா சில ஸ்ட்ரிப்ல ஓபியேட் பாசிட்டிவ் காட்டும்னு ரொம்ப காலமா தெரிஞ்ச விஷயம். டிபிக்கு குடுக்கற ரிஃபாம்பிசினும் அப்படித்தான். வேற மருந்து வேற கோட்டை கலைக்கும், ரானிட்டிடினும் பிரஷருக்கு குடுக்கற லேபெட்டலாலும் ஆம்ஃபெட்டமின் பக்கம், எச்ஐவிக்கு குடுக்கற எஃபாவிரென்ஸ் கஞ்சா பக்கம், இருமல் சிரப்ல இருக்கற டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் பிசிபிங்கற போதை மருந்து பக்கம். மூக்கடைப்புக்கு போடற சூடோஎஃபெட்ரின் பத்தி கேக்கவே வேண்டாம், ஆம்ஃபெட்டமினுக்கு அது கிட்டத்தட்ட ஒண்ணுவிட்ட சொந்தம்.

ஏன் இப்படின்னா, ஸ்ட்ரிப்ல இருக்கறது ஆன்டிபாடி. அது மூலக்கூறோட ஒரு ஓரத்தை தொட்டு பாத்து "இது நம்ம ஆளு"ன்னு ஒட்டிக்கும். அதே ஓரம் வேற மருந்துல இருந்தா அதுலயும் ஒட்டிக்கும். அதான் ஸ்ட்ரிப்பை முதல் வடிகட்டலுக்குன்னு மட்டுமே பண்ணினாங்க, நெகட்டிவ் வந்தவங்களை சீக்கிரம் அனுப்பிட்டு சந்தேகமான சாம்பிளை மட்டும் லேபுக்கு அனுப்பறதுக்கு. ரெண்டாவது படியை தூக்கி போட்டுட்டு முதல் படியை வச்சே ஒருத்தனோட வேலையை நிறுத்தறது அநியாயம், இதை நான் எங்க வேணா சொல்லுவேன்.

இப்ப நீங்க பண்ண வேண்டியது, அதே சாம்பிள் மிச்சம் இருக்கான்னு இன்னைக்கே எழுத்துல கேளுங்க, ஜிசி-எம்எஸ் இல்லைன்னா எல்சி-எம்எஸ்-எம்எஸ்ல (மூலக்கூறுகளை தனித்தனியா பிரிச்சு, எடை பாத்து அடையாளம் சொல்ற மெஷின்) உறுதி பண்ணின ரிப்போர்ட் வேணும்னு கேளுங்க, டாக்டர் சீட்டையும் மருந்துக்கடை பில்லையும் சேர்த்து வைங்க. புதுசா யூரின் குடுத்து நெகட்டிவ் வந்தா அது உதவும்தான், ஆனா "அன்னைக்கு இருந்துச்சு, இன்னைக்கு போயிடுச்சு"ன்னு சொல்லிடுவாங்க, அதனால பழைய சாம்பிள்தான் முக்கியம்.

*சிதம்பரத்தில் இருந்து எம்எஸ்சி கெமிஸ்ட்ரி மாணவி: இவ்வளவு விலை குடுத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வாங்கிட்டு அப்புறம் ஏன் எக்ஸ்ட்ராக்‌ஷன்னு அரை நாள் வீணாக்கறாங்க, யூரினை நேரா மெஷின்ல ஊசி போட்டா என்ன?*

சில லேப்ல அப்படியும் பண்றாங்கம்மா, பத்து மடங்கு இருபது மடங்கு தண்ணி கலந்து நேரா உள்ள விடறாங்க. மருந்து நிறைய இருக்கற சாம்பிளுக்கு அது போதும். எல்எஸ்டி மாதிரி ஒரு நானோகிராமுக்கும் கம்மியா இருக்கறதை தேடும்போது அந்த வேலை ஆகாது.

யூரின்ல 95 சதவீதம் தண்ணிதான். மிச்ச அஞ்சு சதவீதத்துலதான் வில்லங்கமே. யூரியா, கிரியாட்டினின், உப்பு, நிறமி, நேத்து குடிச்ச காபியோட மிச்சம் எல்லாம் கிராம் கணக்குலயும் மில்லிகிராம் கணக்குலயும் கிடக்கும். நாம தேடறது நானோகிராம், அதாவது ஒரு கிராமை நூறு கோடி பங்கு போட்டா அதுல ஒரு பங்கு. எல்சி-எம்எஸ்ல சாம்பிளை பொடி பொடி துளியா தெளிப்பாங்க, துளி காய காய உள்ள இருக்கற மூலக்கூறு சார்ஜோட வெளிய வரணும், அப்பதான் மெஷினுக்கு கண்ணு தெரியும். அதே துளில உப்பும் குப்பையும் இருந்தா சார்ஜுக்கு அடிதடி நடந்து நம்ம மருந்து அமுங்கி போயிடும். இதுக்கு அயன் சப்ரஷன்னு பேரு. இதுல ஆபத்து என்னன்னா மெஷின் எந்த எரரும் காட்டாது, அமைதியா ஒரு குறைஞ்ச நம்பரை குடுத்துட்டு அடுத்த சாம்பிளுக்கு போயிடும்.

இப்ப பிரிச்சு எடுக்கற வேலைக்கு வருவோம், எனக்கு பிடிச்ச இடம் இது. எங்க பெஞ்ச்ல அதிகமா ஓடறது மிக்ஸ்டு மோட் கார்ட்ரிட்ஜ். பாக்க சாதாரண 3 மில்லி சிரிஞ்ச் மாதிரி இருக்கும், அடியில ரெண்டு வட்ட சல்லடைக்கு நடுவுல வெள்ளை பொடி. அந்த பொடில ரெண்டு குணம் இருக்கு, ஒண்ணு எண்ணெய்ப்பசை பிடிக்கற கார்பன் சங்கிலி, இன்னொண்ணு எப்பவும் நெகட்டிவ் சார்ஜோட நிக்கற சல்ஃபோனிக் ஆசிட். மார்ஃபின், ஆம்ஃபெட்டமின் மாதிரி மருந்துல அமீன்னு ஒரு நைட்ரஜன் குரூப் இருக்கறதால பிஎச் (அமில, கார அளவு) 6ல அது பாசிட்டிவ் சார்ஜோட இருக்கும். அதனால யூரினோட பாஸ்பேட் பஃபர், அதாவது பிஎச்சை மாறாம வைக்கற கரைசல், சேர்த்து பிஎச் 6க்கு கொண்டு வருவோம். கார்ட்ரிட்ஜை முதல்ல மெத்தனால், அப்புறம் தண்ணி, அப்புறம் பஃபர்னு நனைச்சு தயார் பண்ணி, காய விடாம சாம்பிளை ஊத்தணும். நிமிஷத்துக்கு ஒரு மில்லி, அதுக்கு மேல வேகம் வேண்டாம். கீழ இருந்து உறிஞ்சற வேக்யூமை கூட்டி சீக்கிரம் முடிக்கலாம்னு புதுசா வர்ற பசங்க நினைப்பாங்க, மருந்து பொடியை தொடறதுக்கு முன்னாடியே கீழ போயிடும்.

இப்ப மருந்து ரெண்டு கையாலயும் பொடியை பிடிச்சுக்கிட்டு இருக்கு, சார்ஜாலயும் எண்ணெய்ப்பசையாலயும். தண்ணி ஊத்தினா உப்பும் யூரியாவும் போயிடும். நீர்த்த அசிட்டிக் ஆசிட் ஊத்தினா மருந்தோட பாசிட்டிவ் சார்ஜ் உறுதியாகும். அடுத்துதான் அழகு, சுத்த மெத்தனால் ஊத்துவோம். எண்ணெய்ப்பசை குணம் மட்டும் உள்ள சாதாரண சி18 கார்ட்ரிட்ஜ்ல மெத்தனால் ஊத்தினா மருந்தும் சேர்ந்து வெளிய வந்துரும், இங்க வராது, ஏன்னா சார்ஜ் பிடிச்சிருக்கு. வெறும் எண்ணெய்ப்பசையால ஒட்டியிருந்த நிறமி, கொழுப்பு, காஃபீன் எல்லாம் மஞ்சளா கீழ இறங்கறதை கண்ணாலயே பாக்கலாம். அப்புறம் வேக்யூம் போட்டு நல்லா காய வச்சு, கடைசியா டைகுளோரோமீத்தேன், ஐசோபுரோப்பனால், அம்மோனியா 78:20:2 கணக்குல கலந்து ஊத்துவோம். அம்மோனியா பட்டதும் அமீனோட சார்ஜ் போயிடும், பிடி விட்டுரும், மருந்து சுத்தமா கீழ வந்துரும். இந்த கலவையை அன்னன்னைக்கு புதுசா கலக்கணும், நேத்து கலந்ததுல அம்மோனியா பறந்து போயிருக்கும், அப்ப ரெகவரி, அதாவது திரும்ப கிடைக்கற மருந்தோட அளவு, ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும்.

வந்த திரவத்தை நைட்ரஜன் காத்துல காய வைக்கும்போது இன்னொரு கவனம். ஆம்ஃபெட்டமினும் மெத்தாம்ஃபெட்டமினும் அந்த நிலைமையில ஆவியாகற சரக்கு, கூடவே பறந்துரும். அதனால காய வைக்கறதுக்கு முன்னாடி மெத்தனால்ல கலந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு சொட்டு விட்டு உப்பா மாத்திக்கணும். புத்தகத்துல ஒரு வரில இருக்கும், பெஞ்ச்ல அந்த ஒரு சொட்டுதான் ரிசல்ட்டை காப்பாத்தும்.

இன்னொரு விஷயம், உடம்பு மார்ஃபினை பெரும்பாலும் குளுக்குரோனிக் ஆசிட்ங்கற சர்க்கரை அமிலத்தோட கோர்த்துத்தான் வெளிய தள்ளுது. கோர்த்த மார்ஃபின் நீங்க தேடற மார்ஃபின் மாதிரி நடந்துக்காது. அதனால எக்ஸ்ட்ராக்‌ஷனுக்கு முன்னாடியே என்ஸைம் போட்டு அந்த கோர்வையை வெட்டணும், ஹீலிக்ஸ் பொமேஷியான்னு ஒரு நத்தையில இருந்து எடுக்கற என்ஸைம் இதுக்கு ரொம்ப நாளா ஓடுது, ஈ கோலை பாக்டீரியாவுல இருந்தும் எடுக்கறாங்க. ஆசிட் போட்டு கொதிக்க வச்சா சீக்கிரம் முடியும், ஆனா மேல சொன்னேனே 6-அசிட்டைல்மார்ஃபின், அது அந்த சூட்டுல சாதா மார்ஃபினா மாறிடும், ஹெராயினுக்கு இருந்த ஒரே சாட்சியை நாமளே அழிச்ச மாதிரி ஆயிடும். கஞ்சாவுக்கு கதை வேற, அதோட மிச்சத்தை காரம் போட்டு வெட்டணும், அது அமிலக் குணம்ங்கறதால கார்ட்ரிட்ஜும் வேற மாதிரி பாக்கணும். கொக்கெய்னோட மிச்சமான பென்சாயில்எக்கோனின்ல அமிலமும் காரமும் ஒரே மூலக்கூறுல இருக்கு, சாதாரண ஈதர்ல குலுக்கி எடுக்கற பழைய முறைக்கு அது மசியவே மசியாது, இந்த மிக்ஸ்டு மோட் பொடி வந்ததுக்கு அப்புறம்தான் எங்க வேலை லேசாச்சு.

இவ்வளவு படியில கொஞ்சம் மருந்து வழியில போகாதான்னு கேப்பீங்க, போகும். அதுக்குத்தான் ஆரம்பத்துலயே மார்ஃபின்-டி3னு ஒண்ணை தெரிஞ்ச அளவுல போட்டுடறது, மூணு ஹைட்ரஜனுக்கு பதிலா டியூட்டீரியம்ங்கற எடை கூடின ஹைட்ரஜன் வச்ச அதே மார்ஃபின். மருந்து எங்க எவ்வளவு போகுதோ இதுவும் அங்க அவ்வளவு போகும், மெஷின்ல மட்டும் மூணு எடை தள்ளி தெரியும். ரெண்டோட விகிதத்தை பாத்தா போதும், இழப்பு கணக்குல அடிபட்டு போயிடும்.

*காரைக்குடியில் இருந்து ஆராய்ச்சி மாணவர்: மாலிக்யூலர்லி இம்ப்ரின்டட் பாலிமர் வச்சு ப்ராஜெக்ட் பண்ண சொல்றாங்க. ஒரே ஒரு மருந்தை மட்டும் பிடிக்கும்ங்கறது எவ்வளவு தூரம் உண்மை?*

கொழுக்கட்டை அச்சு தெரியும்ல, அந்த யோசனைதான். எந்த மருந்து வேணுமோ அதை நடுவுல வச்சு அதை சுத்தி பாலிமரை கட்டி, அப்புறம் மருந்தை கழுவி எடுத்துட்டா அதோட வடிவத்துல குழி நிக்கும், குழியோட சுவர்ல அதை பிடிச்சுக்கற குரூப்பும் சரியான இடத்துல நிக்கும். ஜெர்மனில வுல்ஃப் 1972ல ஆரம்பிச்சு வச்சார், சுவீடன்ல லுண்ட் யுனிவர்சிட்டி மொஸ்பாக் குழு 1993ல நேச்சர் பத்திரிகையில தியோஃபிலினையும் டயஸெபாமையும் இந்த மாதிரி பாலிமர் வச்சே அளந்து காட்டினாங்க, ஆன்டிபாடியே இல்லாம. யூரினுக்கு முதல்ல கொண்டு வந்தது செல்லர்கிரென், 1994ல. பென்டமிடின்னு ஒரு மருந்து, எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வர்ற நிமோனியாவுக்கு குடுக்கறது, அதை யூரின்ல இருந்து நேரா பிடிச்சு காட்டினார். அன்னைல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஆயிரக்கணக்குல பேப்பர் வந்துருச்சு, ஆனா தினசரி லேப்ல இது அவ்வளவா உக்காரல. ஏன்னு தெரிஞ்சுக்கிட்டு ஆரம்பிச்சா உங்க ப்ராஜெக்ட் தேறும்.

முதல் தலைவலி டெம்ப்ளேட் ப்ளீடிங், அதாவது அச்சுக்கு வச்ச மருந்து (டெம்ப்ளேட்) ஒழுகறது. எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் மருந்து குழிக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கும், அது நீங்க சாம்பிள் ஓட்டும்போது சொட்டு சொட்டா வெளிய வரும். நோயாளி யூரின்ல 1 நானோகிராம் தேடறீங்க, உங்க பாலிமரே 5 நானோகிராமை கலந்து விடுதுன்னா என்ன அர்த்தம் இருக்கு? ஒரு ஆளோட யூரின்ல இல்லாத மருந்தை நீங்களே வச்ச மாதிரி. இதுக்கு வழி, தேடற மருந்தையே அச்சுக்கு வைக்காம அதோட நெருங்கின ஜாடை உள்ள வேற ஒண்ணை வைக்கறது. கிளென்பியூட்டரால்ங்கற ஊக்கமருந்தை பிடிக்கற பாலிமருக்கு புரோமோகிளென்பியூட்டராலை அச்சா வச்சாங்க. அந்த புரோமோ சரக்கு ஒழுகினாலும் மெஷின்ல எடை வேறங்கறதால கலக்காது. உங்க கைடு கிட்ட இதை முதல் நாளே பேசிடுங்க.

ரெண்டாவது, தண்ணி. அச்சுக்கு வைக்கற மருந்து, மெத்தாக்ரிலிக் ஆசிட், சங்கிலிகளை பிணைக்கற கிராஸ்லிங்கருக்கு எத்திலீன் கிளைக்கால் டைமெத்தாக்ரிலேட், மூணும் 1:4:20 விகிதம், பாலிமராகறதை தொடங்கி வைக்க ஏஐபிஎன் போட்டு 60 டிகிரி, இதெல்லாம் எல்லா பேப்பர்லயும் இருக்கும். பாலிமர் பண்றது டொலுயீன்லயோ அசிட்டோநைட்ரைல்லயோ, அங்க ஹைட்ரஜன் பாண்ட் நல்லா வேலை செய்யும். யூரின்ல தண்ணியே அந்த பாண்டுக்கு போட்டியா வந்து நிக்குதே. அதனால யூரினை ஊத்தும்போது மருந்து குழிக்குள்ள போய் உக்காந்துருச்சுன்னு நினைச்சுடாதீங்க, அப்ப அது பாலிமர் மேல பசை மாதிரி பொதுவாத்தான் ஒட்டியிருக்கும், கூட குப்பையும் ஒட்டியிருக்கும். நல்லா காய வச்சு, அப்புறம் அசிட்டோநைட்ரைல் மாதிரி ஒரு சால்வென்ட் விட்டு கழுவும்போதுதான் குப்பை கழண்டு போகும், மருந்து குழிக்கு மாறி நிக்கும். வேண்டியதை மட்டும் பிடிக்கற குணம், அந்த மொத்த செலக்டிவிட்டியும் இந்த ஒரு கழுவல்லதான் பிறக்குது. காய வைக்கறதுல ஈரம் மிச்சம் இருந்தா அவ்வளவுதான், எல்லாமே சேர்ந்து வெளிய வந்துரும். கடைசில மெத்தனாலும் அசிட்டிக் ஆசிட்டும் கலந்து ஊத்தி மருந்தை வாங்கிக்கலாம்.

"ஒரே ஒரு மருந்தை மட்டும்"ங்கறது கொஞ்சம் ஓவரா சொல்றது. ஜாடை உள்ள எல்லாமே உள்ள நுழையும், ஒரு மருந்து குடும்பத்தையே மொத்தமா பிடிக்கணும்னா அதுவே நல்ல குணமாவும் ஆயிடும். டெம்ப்ளேட் வைக்காம அதே மாதிரி ஒரு பாலிமர் பண்ணி பக்கத்துல ஓட்டி பாக்காம எதையும் நம்பாதீங்க. வெறும் தண்ணில மருந்தை கரைச்சு 98 சதவீதம் ரெகவரின்னு போடற பேப்பரை பாத்து மயங்காதீங்க, பல பேரோட நிஜமான யூரின்ல ஓட்டி பாருங்க, காலையில முதல்ல போற கெட்டியான யூரின் உட்பட.

*பெயர் வேண்டாம் என்று ஒரு வாசகர்: நிறைய தண்ணி குடிச்சா டெஸ்ட்ல தப்பிக்கலாமாமே?*

தண்ணி கலந்த யூரினை லேப் சும்மா விடாது. கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு கீழ இருந்து அடர்த்தியும் கம்மியா இருந்தா நீர்த்த சாம்பிள்னு எழுதிடுவாங்க. வேற வழி எதுவும் நான் சொல்ல மாட்டேன். பழக்கத்துல இருந்து வெளிய வரணும்னு நினைச்சீங்கன்னா அரசு மருத்துவமனை மனநல பிரிவுக்கு போங்க, அங்க யூரின் டெஸ்ட் எடுக்கறது உங்களை தண்டிக்க இல்ல, உங்களுக்கு மருந்து அளவை சரி பண்ண.

*தஞ்சாவூரில் இருந்து ஒரு தடகள பயிற்சியாளர்: என்கிட்ட பயிற்சி எடுக்கற பொண்ணுக்கு ஆஸ்துமா, இன்ஹேலர் போடறா. டோப் டெஸ்ட்ல மாட்டுவாளா? எவ்வளவு கம்மியா இருந்தாலும் கண்டுபிடிச்சுருவாங்களா?*

சால்புட்டமால் இன்ஹேலர்னா ஊக்கமருந்து விதியில சொன்ன அளவுக்குள்ள போடறது அனுமதிதான் சார், உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு யூரின்ல ஒரு மில்லிக்கு 1000 நானோகிராம் தாண்டினாத்தான் கேள்வி கேக்கும். மாத்திரையா, சிரப்பா எடுக்கறது அனுமதி கிடையாது, இதை அவங்க வீட்ல நல்லா புரிய வைங்க. சூடோஎஃபெட்ரினுக்கு போட்டி நேரத்துல ஒரு மில்லி யூரினுக்கு 150 மைக்ரோகிராம் வரம்பு, அதனால ஜலதோஷ மாத்திரையை போட்டி சமயத்துல கேக்காம போட வேண்டாம்.

எவ்வளவு கம்மியா கண்டுபிடிப்பாங்கன்னா, 2010 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டில ஸ்பெயின் வீரர் கொன்டடோர் யூரின்ல கிடைச்ச கிளென்பியூட்டரால் ஒரு மில்லிக்கு 50 பிகோகிராம். ஒரு கிராம்ல லட்சம் கோடில 50 பங்கு. அதுக்கு அவர் பட்டமே போச்சு, 2012ல தீர்ப்பு வந்துச்சு. இறைச்சி சாப்பிட்டதால வந்துச்சுன்னு அவர் சொன்னதை நடுவர் மன்றம் ஏத்துக்கல. ஆனா 2011ல மெக்ஸிகோவுல நடந்த 17 வயசுக்கு உட்பட்டவங்க உலகக்கோப்பை ஃபுட்பால்ல எடுத்த யூரின் சாம்பிள்ல பாதிக்கு மேல கிளென்பியூட்டரால் இருந்துச்சு, அங்க மாட்டுக்கு அந்த மருந்தை குடுத்து வளர்க்கறாங்க, பசங்க அந்த கறியைத்தான் சாப்பிட்டாங்க. 2019ல இருந்து 5 நானோகிராமுக்குள்ள இருந்தா உடனே குத்தம்னு சொல்லாம விசாரிக்கணும்னு விதியே மாத்தினாங்க. பிரிச்சு எடுக்கற திறமை ஏற ஏற "இருக்கு, இல்ல"ங்கற கேள்வி போதாது, எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்க வேண்டிய பொறுப்பும் கூடவே ஏறுது, இதை நான் ரொம்ப முக்கியமா நினைக்கறேன்.

ரத்த சிவப்பணுவை கூட்ட போடற ஈபிஓ மாதிரி புரோட்டீனுக்கு மேல சொன்ன கார்ட்ரிட்ஜ் எடுபடாது, ஆன்டிபாடி பூசின தட்டுல பிடிச்சு எடுத்துத்தான் ஜெல்ல ஓட்டுவாங்க. ஸ்ட்ரிப்ல குறை சொன்ன அதே ஆன்டிபாடிதான், இங்க அது தீர்ப்பு சொல்றதில்ல, பிடிச்சு மட்டும் குடுக்குது. இந்தியாவுல டெல்லி தேசிய ஊக்கமருந்து சோதனை கூடத்துக்கு 2008ல அங்கீகாரம் வந்துச்சு, 2019 ஆகஸ்ட்ல நிறுத்தி வச்சாங்க, 2021 டிசம்பர்ல திரும்ப கிடைச்சுது. சாம்பிளை ஏ, பின்னு ரெண்டு பாட்டில்ல வாங்குவாங்க. ஏ-ல பாசிட்டிவ் வந்தா பி-ஐ பிரிச்சு பாக்க சொல்றது உங்க பொண்ணோட உரிமை, அதை அவளுக்கு இப்பவே சொல்லி வைங்க.

*ஈரோட்டில் இருந்து ஒரு வாசகர்: இந்த பிரிச்சு எடுக்கற வேலையை முதல்ல யார் பண்ணினது?*

யூரின்ல இல்ல, பிணத்துல இருந்துதான் ஆரம்பம். 1850ல பெல்ஜியத்துல ஒரு பிரபு சொத்துக்காக மச்சானுக்கு நிக்கோட்டின் விஷம் குடுத்து கொன்னுட்டார். செடில இருந்து வர்ற விஷத்தை உடம்புல கண்டுபிடிக்கவே முடியாதுன்னு அதுவரைக்கும் நம்பிக்கிட்டு இருந்தாங்க. ஸ்டாஸ்னு ஒரு வேதியியலாளர் உடல் உறுப்பை அமிலம் கலந்த ஆல்கஹால்ல ஊற வச்சு, வடிகட்டி, காரம் சேர்த்து, ஈதர்ல குலுக்கினார், நிக்கோட்டின் ஈதர் பக்கம் வந்துருச்சு. 1851ல அந்த பிரபுவுக்கு மரண தண்டனை. நாங்க இன்னைக்கு பிஎச்சை மாத்தி மருந்தை இந்த பக்கம் அந்த பக்கம் நகர்த்தறோமே, அது அவரோட முறைதான்.

*விருத்தாசலத்தில் இருந்து லேப் டெக்னீஷியன்: எங்க லேப்ல ஸ்ட்ரிப் மட்டும்தான் இருக்கு. பாசிட்டிவ் வந்தா நாங்க என்ன பண்ணணும்?*

ரிப்போர்ட்ல "பாசிட்டிவ்"னு மட்டும் எழுதாதீங்க. "முதல்கட்ட சோதனை, உறுதி செய்யப்படவில்லை"ன்னு அதே வரில, அதே எழுத்து அளவுல எழுதுங்க, கீழ பொடி எழுத்துல போட்டா யாரும் படிக்க மாட்டாங்க. சாம்பிள் வாங்கும்போதே ரெண்டா பிரிச்சு, ஒண்ணை திறக்காம சீல் வச்சு, குடுத்தவர் முன்னாடியே கையெழுத்து வாங்கி வைங்க. பாட்டிலை வாங்கினதும் சூடு பாருங்க, நாலு நிமிஷத்துக்குள்ள 32ல இருந்து 38 டிகிரி இருக்கணும். என்ன மருந்து எடுக்கறீங்கன்னு கேட்டு எழுதறதை சாம்பிள் வாங்கற நேரத்துலயே முடிச்சுடுங்க, பாசிட்டிவ் வந்ததுக்கு அப்புறம் கேட்டா சாக்கு சொல்ற மாதிரி ஆயிடும்.

உறுதி பண்ற லேபுக்கு அனுப்ப ரெண்டு மூணு நாளுக்கு மேல ஆகும்னா ஃப்ரிட்ஜ் போதாது, மைனஸ் 20ல உறைய வைங்க. கஞ்சா சந்தேகம்னா, ரெண்டா பிரிச்சதுக்கு அப்புறம் சாம்பிளை திரும்ப வேற பாட்டிலுக்கு மாத்தாதீங்க, அந்த மிச்சப்பொருள் பாட்டில் சுவர்ல ஒட்டிக்கற குணம் உள்ளது, ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் கொஞ்சம் குறையும். சீல் வச்ச பாட்டில்லயே அனுப்புங்க. யார் கையில இருந்து யார் கைக்கு எத்தனை மணிக்கு போச்சுன்னு ஒரு தாள் கூடவே போகட்டும், அந்த தாள் இல்லைன்னா எங்க லேப்ல எவ்வளவு சுத்தமா பிரிச்சு எடுத்தாலும் அது யாரோட யூரின்னு யாராலயும் சொல்ல முடியாது.